பாதி சவரம்

பிளேடை இரண்டாக ஒடித்தான் கன்னியப்பன். டிக். இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. துப்பாக்கி ஞாபகம் வருமா ஐயா என்று ஒரு தடவை கேட்டான். மடையன். துப்பாக்கி இப்படியா கேட்கும். இது எலும்பு. சின்ன எலும்பு, விரலோ காறையெலும்போ, ஒடிந்தால் இப்படித்தான் கேட்கும். அதை அவனிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் அவன் தகரக் கூரைக் கடை, கைப்பிடி கிழிந்த இந்த நாற்காலி, கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு, வழித்த நுரையைத் துடைக்க இடது தோளில் நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு. இருபத்திரண்டு வருஷமாக இதேதான். கண்ணை மூடிக்கொள்வேன். பேச மாட்டேன். அவனும் பேச மாட்டான், அதற்காகவே இங்கே வருகிறேன். இன்றைக்குப் பேசுகிறான். கன்னத்தில் பிரஷ்ஷைச் சுற்றிக்கொண்டே பேசுகிறான். "ஐயா, நம்ம தரணி மில்ட்ரிக்கு எழுதிப் போட்டிருக்கான். ஓட்டம், உயரம், மார்பு எல்லாம் பாஸு. வயசுதான் பதினேழர. பதினெட்டு ஆவலன்னா அப்பன் கையெழுத்து வேணுமாம். நாளைக்குக் குடுக்கணும்." போடு என்றேன். "போட்டுடலாம். அங்க இன்னா நடக்கும்னு நீங்க சொல்லுங்க, போட்டுடறேன். இல்ல, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, கிழிச்சிடறேன். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்." கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் அந்தத் தாளைச் செருகி வைத்திருக்கிறான். பையனின் போட்டோ ஒட்டிய தாள். கீழே ஒரு கோடு காலியாக இருக்கிறது. திரும்பக் கண்ணை மூடிக்கொண்டேன்.

என்ன நடக்கும். எத்தனை பேர் கேட்டாயிற்று. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளம். பையனை அனுப்புவதற்கு முன்னால் அப்பனும் ஆத்தாளும் தட்டில் வெற்றிலை வைத்துக்கொண்டு பழைய பட்டாளத்துக்காரன் ஒருவன் வீட்டுக்குப் போவார்கள். அவன் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பெட்டி வாங்குவார்கள். என்னிடம் பதினோரு தட்டு வந்திருக்கிறது. பதினோரு தடவையும் போகட்டும் என்றேன். நாலு மணிக்கு எழுப்புவான், மக்கு நிறைய டீ குடுப்பான், ஓடவிடுவான், முட்டை குடுப்பான், இந்தி தானா வந்துடும், ஆறு மாசத்துல உங்க பையனை உங்களுக்கே அடையாளம் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்துக்குச் சிரிப்பார்கள். எல்லாப் பட்டாளத்துக்காரனும் இதையேதான் சொல்வான். லீவில் வந்தால் ரம், ஆப்பிள், பனி. எவனும் வேறு சொல்ல மாட்டான். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நம்பிப் போனேன். அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேர் பெட்டியில் திரும்பி வந்தார்கள். அந்த அப்பன்கள் இன்றைக்கும் எனக்கு வணக்கம் வைக்கிறார்கள், அதுதான் தாங்க முடியாது. "எங்க கையில வெத்தலத் தட்டு இல்ல ஐயா, கத்திதான் இருக்குது" என்கிறான் கன்னியப்பன். சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் நுரை வாய்க்குள் போகும்.

கத்தி காதோரம் இறங்குகிறது. இந்த வயதில் தோல் தொளதொளவென்று ஆகிவிட்டது, அவன் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துத்தான் வழிக்க வேண்டும். சர், சர். சவரத்தில் இந்த இடம் நல்ல இடம். எலும்பு இருக்கிறது. கீழே போகப் போகத்தான் ஒன்றும் இருக்காது, குழாயும் நரம்பும்தான். மனுஷனுக்குள் எவ்வளவு சுலபமாக இரும்பு போகும் என்பது ஊரில் எவனுக்கும் தெரியாது. வெண்ணெய் மாதிரி என்பார்கள், அதுவும் பொய். முதலில் சட்டை, அது கொஞ்சம் தடுக்கும். அப்புறம் ஒரு பொத்தல் சத்தம், கோணி மூட்டையைக் குத்தினால் வருமே அது. அப்புறம் ஒன்றுமே இல்லை. சண்டையில் எதிரியின் பதுங்கு பள்ளத்துக்குள் குதித்தேன், உள்ளே இருந்தவன் திரும்பினான், என் வயசுதான் அவனுக்கும், இருபது, மீசை சரியாக வரவில்லை. துப்பாக்கி முனைக் கத்தி விலாவுக்குள் போய் மாட்டிக்கொண்டது. வரவில்லை. மார்பில் காலை வைத்து மிதித்து இழு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வைக்கோல் பொம்மையில் முன்னூறு தடவை இழுத்திருக்கிறேன். வைக்கோல் பொம்மை காலைப் பிடித்துக்கொள்ளாது. இவன் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் என் பூட்ஸை, ஏதோ நான் அவனைத் தூக்கிவிட வந்தவன் மாதிரி. இழுத்தேன். சூடாக முழங்கால் வரைக்கும் தெறித்தது. அன்றைக்கு ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டேன், பருப்பு கேட்டு இரண்டாவது தடவை வாங்கினேன். அதற்கு மெடல் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றக் கூப்பிடுகிறார்கள், எப்படி ஐயா குத்தினீங்க என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. அவனும் குத்தத்தான் திரும்பினான். அவன் கனவில் வருகிறானா என்று என் சம்சாரம் கேட்பாள். வருவதில்லை. அவன் முகம்கூட மறந்துபோயிற்று. மீசை மட்டும்தான் ஞாபகம். வருகிறவன் வேறு. சரி, விடு. சர், சர். தோளில் இருக்கிற தாளில் கத்தியைத் துடைக்கிறான். நுரைக்குள் வெள்ளை வெள்ளையாக என் மயிர். ஃபேன் கிர்ரென்று சுற்றுகிறது. வெயில் இப்பொழுதே தகரத்தில் ஏறிவிட்டது, படபடவென்று முறிகிற சத்தம் கேட்கிறது. சித்திரை வெயில். நாற்பது வருஷமாக எனக்குச் சித்திரை பிடிப்பதில்லை. இவன் சீக்கிரம் முடித்தால் தேவலை.

"இன்னொரு சந்தேகம் ஐயா" என்கிறான். இன்றைக்கு இவன் வாயை மூட மாட்டான். "வேல கெடச்சா முடி குடுக்கறதா பச்சையம்மனுக்கு வேண்டிக்கினான். ஒரு வருசமா கத்திரியே படல, அத்தினி முடி. கோயில்ல மொட்ட போடறதே எங்க வகையறாதான், ஒரு நிமிசத்து வேல. ஆனா பயிற்சி முடிஞ்சி உத்தரவு கையில வந்தப்புறம்தான் குடுக்கணும்னு பிடிவாதம் பிடிக்கிறான். அங்க போனா மொத நாளே வெட்டிடுவானாமே. வெட்டனா வெட்டட்டும், அந்த முடிய ஒரு துணியில கட்டிப் பெட்டியில வச்சிக்கினு, லீவுல வந்து குடுத்தா ஆத்தா ஏத்துக்குவாளா? வச்சிக்க விடுவாங்களா?" கத்தியின் முதுகு என் கன்னத்தில் சில்லென்று இருக்கிறது. வச்சிக்க விடுவாங்களா. இவனுக்கு யார் சொன்னது. யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் நாற்பது பேர், அதில் பாதி செத்திருப்பான், மீதிப் பேர் எந்த ஊரிலோ என் மாதிரி நாற்காலியில் சாய்ந்து கிடப்பான். இது தற்செயல். வேண்டுதல் இருக்கிற ஊரில் எந்தப் பையனும் இதைத்தான் கேட்பான். துணியில் கட்டி. என்ன துணி. அன்றைக்கு இன்னொரு பையன் பழைய பனியனைக் கிழித்துக் கட்டியிருந்தான். கழுத்துப் பக்கம் கிழித்த துண்டு, மூன்று முடிச்சு. வச்சிக்க விடுவாங்களா என்றால் என்ன சொல்வது. விடுவாங்க என்று சொல்லலாம். விட மாட்டாங்க என்று சொல்லலாம். இரண்டும் ஒரே சொல்தான் எனக்கு. "என்னா ஐயா, தூங்கிட்டீங்களா?" இல்லை என்றேன். தலையும் ஆடியது. "முகத்த ஆட்டாதீங்க" என்கிறான்.

தாண்டவராயன். செய்யாற்றுப் பக்கம். பத்தொன்பது வயசு, கறுப்பு, முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும். நான் அப்பொழுது பயிற்சி மையத்தில் உஸ்தாத். பையன்களைப் பழக்குகிற வாத்தியாருக்கு அங்கே அதுதான் பெயர். நாற்பது பேர் எனக்கு. ஆறு மாசத்தில் பட்டாளத்தை அவன்கள் உடம்புக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு அடிதான் வழி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் சொல்லிக் கொடுத்திருந்தான். குச்சி, பெல்ட்டு, முழங்கை. குளிரில் தண்ணீர், வெயிலில் கருங்கல் ஜல்லி. அதற்கு அங்கே ரகடா என்பார்கள். தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்க மனுஷன் போய்விடுவான், நம்பர் நிற்கும். நான் நல்ல உஸ்தாத். என் ஆட்கள் கோப்பை வாங்குவார்கள். மூன்றாவது வாரம் பெட்டிச் சோதனை. கட்டில் காலடியில் நாற்பது கறுப்புப் பெட்டி திறந்து இருக்கிறது, கேப்டன் என் பின்னால் நடந்து வருகிறார். இவன் பெட்டியில் சட்டைக்கு அடியில் அந்தப் பனியன் மூட்டை. பிரித்தேன். முடி. முதல் நாள் தரையிலிருந்து அவன் முடியை அவனே பொறுக்கி வைத்திருக்கிறான். நாற்பது பேர் முடியிலிருந்து தன்னுடையதை எப்படிப் பிரித்தானோ. கேப்டன் என்ன இது என்றார். தாண்டவராயன் என்னைப் பார்த்தான். உஸ்தாத்துக்குத் தெரியும், நம்ம பக்கத்து ஆள், உஸ்தாத் சொல்லிடுவார் என்கிற பார்வை. எனக்குத் தெரியும். என் முதல் முடி பச்சையம்மனுக்குப் போனதுதான், என் மகன் முடியும் அங்கேதான் போனது. வேண்டுதல், சாப், என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கேப்டன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பார். பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு. நான் குப்பை, சாப், என்றேன். குப்பை. அந்த இடம்தான். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்த இடத்தில்தான் வந்து சிக்குகிறது, பழைய ரம்பம் ஆணியில் சிக்குகிற மாதிரி. அப்புறம் நடந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையை நிஜமாக்க நடந்ததுதான்.

மத்தியானம் பன்னிரண்டரை. முதுகில் பொதி, தலைக்கு மேல் துப்பாக்கி, வாயில் அந்த மூட்டை. கவ்வுடா, உன் வேண்டுதலைக் கவ்வு, கீழே விழுந்தா மொதல்லேர்ந்து. மற்ற முப்பத்தொன்பது பேரும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், இவன் நடுவில் ஜல்லியில் உருள வேண்டும். உருண்டான். முழங்கை தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. மூட்டை விழுந்தது. மொதல்லேர்ந்து. உருண்டான். முனகினான், முனகினால் வாய் திறக்கும், திறந்தால் விழும், அதனால் மூக்கால் முனகினான். அந்தச் சத்தம் இருக்கிறதே, அது எனக்கு இப்பொழுது ஃபேனில் கேட்கிறது. முடிச்சு அவிழ்ந்து முடி வாய்க்குள் போயிற்று. இருமினான், வாந்தி எடுத்தான், மயிரும் சோறும் எச்சிலும். எடுத்து வாயில் வை என்றேன். கையால் கூட்டி எடுத்து வைத்தான். அதைச் செய்தான். ஏன் செய்தான், என்னை அடித்திருக்கக் கூடாதா, ஒரு அறை அறைந்திருந்தால் எனக்கு விட்டுப்போயிருக்கும். ஓடுகிறவன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நூற்று எழுபது காலடி நிமிஷத்துக்கு, நான்தான் பழக்கினேன், ஒரு காலடி தப்பவில்லை. நாலாவது தடவை அவன் உருளவில்லை. நடிக்கிறாயா என்று விலாவில் உதைத்தேன். இரண்டு உதை. உடம்பு தன்னால் ஆடிவிட்டு நின்றது. குனிந்து தொட்டேன், அடுப்பிலிருக்கிற கல். வேர்வை ஒரு சொட்டு இல்லை. கண் பாதி திறந்து என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பூட்ஸைப் பிடிக்கப் பார்த்தான். இல்லை, அது பள்ளத்தில் இருந்தவன். இல்லை, இவன்தான். இரண்டு பேருமா. சாயந்தரம் நாலு மணிக்குப் போய்விட்டான். விசாரணை வந்தது. ஓட்டத்தின்போது மயங்கி விழுந்தார், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார் என்று இரண்டு வரி எழுதினேன். முப்பத்தொன்பது பேரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். ஒருவன் கைகூட நடுங்கவில்லை. அவன் பெட்டியை நான்தான் கட்டி அனுப்பினேன். சட்டை, சோப்பு டப்பா, அம்மா போட்டோ. முடியை வைக்கவில்லை. ஜல்லியிலிருந்து பொறுக்கிக் கழுவிக் காயவைத்து என் பெட்டியில் வைத்தேன். கோயிலில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று. நாற்பது வருஷமாகப் போடுகிறேன்.

கன்னியப்பன் ஒரு கன்னத்தை முடித்துவிட்டான். தாடையை விரலால் தூக்கித் தொண்டைக்கு வந்துவிட்டான். மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. "சொல்லுங்க ஐயா. போடட்டுமா?" என்கிறான். போகட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். பதினோரு தடவை வந்த வார்த்தைதானே. நாக்கில்தான் இருக்கிறது. அந்தப் பையனை எனக்குத் தெரியும், காலையில் ஏரிக்கரையில் ஓடுவான், என்னைப் பார்த்தால் சல்யூட் அடிப்பான், அந்த நீள முடி பின்னால் பறக்கும். போகட்டும். வாயைத் திறந்தேன், வேறு வந்தது. "நான் ஒருத்தனக் கொன்னிருக்கேன்." "தெரியும் ஐயா. எதிரி நாட்டுக்காரன். மெடல் வாங்கனீங்களே, ஊரே சொல்லும்." "அவன் இல்ல. நம்ம பையன். செய்யாறு." கத்தி நின்றது. குரல்வளையின் மேடு இருக்கிறதே, அதன் மேலேயே நின்றது. எச்சில் முழுங்க வேண்டும் போல இருந்தது, முழுங்கினால் மேடு ஏறும், ஏறினால் பிளேடு. முழுங்கவில்லை. கண்ணைத் திறக்காமலேயே சொன்னேன். பெட்டி, முடி, குப்பை, ஜல்லி, உதை. நாலு நிமிஷம் ஆகியிருக்கும், நான் இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கடையில் பேசியதைவிட அதிகம். வாத்தியாராக இருந்து சொல்லவில்லை, விசாரணையில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பேசும்போதெல்லாம் தொண்டை அசைந்தது. அசைந்த இடத்தில் எரிந்தது. ஒரு சொட்டு துண்டுக்குள் இறங்குவது தெரிந்தது. அவன் கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. இதுதான் ஜல்லியில் தாண்டவராயனுக்கு இருந்தது என்று நினைத்தேன். மேலே ஒருவன் நிற்கிறான், அவன் என்ன செய்வான் என்று தெரியாது. அழுத்துடா என்றும் தோன்றியது. நிஜமாகத் தோன்றியது.

"கூட எத்தினி பேரு இருந்தாங்க?" என்றான். குரல் வேறாக இருந்தது. ஐயா இல்லை. "முப்பத்தொன்பது." "ஒருத்தன்கூட நிக்கலயா? ஒருத்தன்கூடக் கேக்கலயா?" "கேக்க மாட்டான். மூணு வாரத்துல அத்தத்தான் கத்துக் குடுத்தேன். நல்லாக் கத்துக்கினாங்க." வெளியே பஸ் ஒன்று நின்று ஆள் இறக்கிவிட்டுப் போயிற்று. "நான் அவன் செத்துடுவானோன்னுதான் பயந்துக்கினு இருந்தேன்" என்றான் கன்னியப்பன். "சாவ மாட்டான்பா. சாவறவன் ரொம்பக் கொஞ்சம். மீதிப் பேரு ஓடறவன் ஆவான். அதுல கெட்டிக்காரனா ஒருத்தன் என்ன மாதிரி ஆவான். தரணி கெட்டிக்காரன்." இதைச் சொன்னதும் எனக்கு ஓய்ந்துபோயிற்று. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே என்ன நடக்கும் என்று கேட்டான், இதுதான் நடக்கும். எல்லாருக்கும் நடக்குமா என்றால் தெரியாது. இப்பொழுது மாறியிருக்கும் என்கிறார்கள், மாறியிருக்கலாம். எனக்கு நடந்தது. என் மூலமாக நடந்தது.

கண்ணைத் திறந்தேன். கண்ணாடியில் பாதி முகம் வழித்து, பாதி வெள்ளை நுரை. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. எனக்குப் பின்னால் அவன். என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த முடி எங்க இருக்குது?" "வீட்டுல. கறுப்புப் பெட்டியில." "நாப்பது வருசமா?" "ம்." "சாயந்தரம் வரேன். எடுத்து வையி. கோயில்ல போடறது எங்க வேல, உன் வேல இல்ல." வையி என்றான். முதல் தடவை. சரி என்றேன். கத்தியைத் துடைக்கத் தோளுக்குக் கொண்டுவந்தான். செய்தித்தாள் துண்டு நுரையில் ஊறி, இடமில்லாமல், ஓரத்தில் கிழிந்து தொங்கியது. அதை எடுத்துக் கீழே போட்டான். வேறு துண்டுக்கு மேசை இழுப்பறையைத் திறக்கவில்லை. கண்ணாடிக்குக் கையை நீட்டி, சட்டத்திலிருந்து அந்தத் தாளை உருவினான். ஒரு தடவை படித்தான். பிறகு நிதானமாக இரண்டாக மடித்து, நாலாக மடித்து, என் தோளில் வைத்து, கத்தியின் இந்தப் பக்கத்தை ஒரு தடவை, அந்தப் பக்கத்தை ஒரு தடவை அதில் துடைத்தான். வெள்ளை நுரை, வெள்ளை மயிர், என் ரத்தம் ஒரு கீற்று. பையனின் போட்டோ உள்மடிப்பில் இருந்தது, அதன் மேல் படவில்லை. தரணி வந்து கேட்பான். சண்டை போடுவான். ஆறு மாசத்தில் பதினெட்டு ஆகிவிடும், அப்பன் கையெழுத்தே வேண்டியிருக்காது. அது கன்னியப்பனுக்கும் தெரியும். "அந்தக் கன்னத்தக் காட்டு" என்றான். காட்டினேன்.